அவசரமும் ஆறுதலும்

கருத்து வேற்றுமை சமுதாய வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்பதை நம்மில் எவரும் மறுக்கமாட்டோம். முரண்பாட்டின் வழியே உண்மை துலங்கும் என்று மேடையிலும் ஏட்டிலும் பலகாற் சொல்லி வந்திருக்கிறோம். ஆயின் ஒரு முரண்பாடு முறையாக நடைபெறுவதற்குக் காலம் வேண்டும் என்பதையும், அக்காலம் குறுகுமிடத்து முரண்பாட்டின் தன்மையே மாறிவிடுகிறது என்பதையும் நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. கைத்தொலைபேசியில் எழுதி வாதிடுதல் அன்றாட வழக்கமாகிவிட்ட இந்நாளில் இக்கேள்வியைத் தள்ளிவைத்தல் இயலாது. நல்ல பழக்கவழக்கம் பற்றிய கேள்வியாக இது தோன்றலாம். நுணுகி நோக்கின், அறத்தையும் அரசியலையும் தொடும் கேள்வி இதுவென்பது தெரியவரும்.

சொந்த அனுபவமொன்றைக் கூறித் தொடங்குகிறேன். 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சம்பள முரண்பாட்டை நீக்கக்கோரி இலங்கையின் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராட்டந் தொடங்கினர். பெருந்தொற்றுக் காலமாதலால் பாடசாலைகள் மூடிக்கிடந்தன. கூட்டம் கூட வழியில்லை. மலையகத்துச் சிறு நகரமொன்றின் சுற்றுவட்டாரத்து ஆசிரியர்களாகிய நாங்கள் அறுபது பேரளவில் ஒரு வாட்ஸ்அப் குழுவிற் சேர்ந்தே எல்லாவற்றையும் பேசித் தீர்த்தோம். ஒருநாள் இரவு, எங்களுள் மூத்தவரான கணித ஆசிரியர் ஒருவர் எழுதினார்: "போராட்டம் நீடித்தால் லயங்களில் இருக்கிற, போன் இல்லாத பிள்ளைகளின் கதி என்ன என்று யோசித்தோமா?"

அவ்வளவுதான் அப்போது வந்து சேர்ந்தது. ஐந்து நிமிடத்துள் ஒன்பது பதில்கள் குவிந்தன. "அரசாங்கம் கேட்பதையே நீங்களும் கேட்கிறீர்களே, சேர்!" என்றார் ஒருவர். "சம்பளம் கூடினால் உங்களுக்கு வேண்டாமா?" என்றார் இன்னொருவர். மூன்றாவது பதில் என்னுடையது: "இந்த நேரத்தில் இந்தக் கேள்வி யாருக்கு உதவும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள், சேர்." எழுதியபோது அதைக் கூர்மையான வாக்கியமென்றே எண்ணினேன். அவர் அதற்குப் பின் ஒன்றும் எழுதவில்லை. மறுநாட் காலையில் குழுவிலிருந்து விலகியிருந்தார்.

பல மாதங்களின் பின் ஒரு மரணவீட்டில் அவரைச் சந்தித்தேன். பந்தலின் ஓரத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கையில், அன்றிரவு தாம் எழுத நினைத்த மீதியை அவர் சொன்னார். போராட்டத்தைக் கைவிடாமலே, லயத்து முற்றங்களிற் பத்துப்பத்துப் பிள்ளைகளாக இருத்தி மாலை நேரத்திற் சொல்லிக்கொடுக்க நம்மில் யார் யார் முன்வருவோம் என்பதே அந்த மீதி. அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி எழுதுபவர். கேள்வியின் முதற் பாதியை அனுப்பிவிட்டு மறுபாதியைத் தட்டிக்கொண்டிருக்கையிலேயே ஒன்பது பதில்களும் வந்துவிட்டன. கேள்வி முடியுமுன் தீர்ப்பு வந்துவிட்டது.

இதிற் கெட்டவர் எவரும் இல்லை. ஒன்பது பேரும் போராட்டத்தில் உறுதியாக நின்றவர்கள். லயத்துப் பிள்ளைகளிடத்து அன்புள்ளவர்கள். பலர் அந்த லயங்களிலேயே பிறந்தவர்கள். ஆகவே இதனைத் தனிமனிதரின் பண்புக் குறைவு என்று சொல்லி ஒதுக்கிவிடுதல் சரியன்று. ஒரு குறிப்பிட்ட நிலைமை நல்லவர்களையும் ஒரு குறிப்பிட்ட விதமாக நடந்துகொள்ளச் செய்கிறதெனில், அந்த நிலைமையை ஆராய்வதே நமது முறை.

நேரிற் பேசும்போது நமக்கு ஒரு காப்பு உண்டு. எதிரிலிருப்பவரின் முகம் தெரிகிறது. அவர் பேசாதிருந்தால், சிந்திக்கிறார் என்றோ, மனம் நொந்தார் என்றோ, இன்னும் சொல்ல இருக்கிறது என்றோ உணர்ந்துகொள்கிறோம். கடிதத்தில் முகம் தெரியாது. ஆயின் அங்கே வேறொரு காப்பு உண்டு. கடிதம் போய்ச்சேர நாட் செல்லும். பதில் வரவும் நாட் செல்லும். அந்தத் தாமதத்துக்கு எவரும் பொறுப்பல்லர். எவரும் அதனைத் தோல்வியென்று கொள்வதுமில்லை. எழுதியதைக் காலையில் மீண்டும் படித்துக் கிழித்துப்போட இரு பகுதியாருக்கும் இடமிருந்தது. இன்றைய எழுத்து வாதமோ கடிதத்தின் முகமின்மையையும் பேச்சின் விரைவையும் ஒருங்கே பெற்றிருக்கிறது. பேச்சுக்கிருந்த காப்பும் கடிதத்துக்கிருந்த காப்பும் ஒருசேர நீங்கிய இடத்தில் நாம் வாதிடுகிறோம்.

இந்நிலையில் நிகழும் முதல் மாற்றம், மௌனம் தன் பொருளை இழத்தலாகும். பதில் சொல்லாதவர் சிந்திப்பவராகக் கொள்ளப்படுவதில்லை. மழுப்புபவர், அல்லது தோற்றவர். இரண்டாவது மாற்றம் இதனிலும் பெரிது. ஒருவர் சொன்னது மெய்யா என்று தேர்வதற்கு நேரம் வேண்டும். அவர் எந்தப் பக்கத்தவர் என்று முடிவுசெய்வதற்குக் கணப்பொழுது போதும். நேரம் குறையக் குறைய மனம் முதற் கேள்வியை விட்டு இரண்டாங் கேள்விக்குத் தாவுகிறது. நான் மூத்த ஆசிரியருக்கு எழுதியதைப் பாருங்கள்: அவர் சொன்னது சரியா, பிழையா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை; அது யாருக்கு உதவும் என்பதே இருந்தது. அத்துடன், அறுபது பேர் முன்னிலையில் எழுதிவிட்ட சொல்லை மீளப் பெறுதல் கடினம். முதற் பதிலிற் பிழைவிட்டவன் இரண்டாம் பதிலில் அப்பிழைக்கு நியாயந் தேடுகிறான். அவசரத்திற் பிறந்த கருத்து மானத்தினால் நிலைபெறுகிறது.

கால நெருக்கடியில் எழுத்துமூலம் நடந்த முரண்பாடுகளில் உலகம் மறக்கமுடியாதது 1962 ஒக்டோபரில் நிகழ்ந்த கியூபா நெருக்கடியாகும். ஏவுகணைகளின் படங்களை 16ஆம் திகதி கண்ட அமெரிக்க ஆலோசகர்களின் பேச்சு, அன்று பெரிதும் வான் தாக்குதலையே நாடியது. செய்தி வெளியிற் கசியாதிருந்தமையால் அவர்களுக்கு ஆறு நாட்கள் கிடைத்தன. 22ஆம் திகதி அறிவிக்கப்பட்டது கடல்வழித் தடையே. அதே மனிதர், அதே செய்தி. இடையிற் கிடைத்த ஆறு நாட்கள் முடிவை மாற்றின. 26ஆம் திகதி குருஷ்சேவ் எழுதிய நீண்ட கடிதம் மொஸ்கோவிலிருந்து வாஷிங்டனை முழுமையாக அடைய ஏறக்குறைய 12 மணிநேரம் சென்றது. அதனை ஆராய்ந்துகொண்டிருக்கையிலேயே, மறுநாள், கடுமையான நிபந்தனையுடன் இரண்டாவது செய்தி வானொலியில் ஒலிபரப்பாயிற்று. வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதுவர் டொப்ரினின், தமது தந்திகளைப் பெற்றுச்செல்லத் தந்தி நிறுவனத்து ஆள் சைக்கிளில் வருவதை நம்பியிருக்க நேர்ந்ததென்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். உலகத்தின் உயிர் ஒரு சைக்கிளின் வேகத்தில் தங்கியிருந்தது.

இதிலிருந்து இரு அரசுகளும் கற்ற பாடம் உற்றுநோக்கத் தக்கது. 1963 ஜூன் 20ஆம் திகதி ஜெனீவாவில் உடன்பாடு செய்து, ஓகஸ்ட் 30ஆம் திகதி மொஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்குமிடையே நேரடித் தொடர்பை ஏற்படுத்தினர். சிவப்புத் தொலைபேசியென்று உலகம் கற்பனை செய்யும் அத்தொடர்பு உண்மையில் தொலைபேசியன்று. எழுத்தை அச்சடித்துத் தரும் தொலைஅச்சுப்பொறியே அன்று அமைக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியாரும் தத்தம் மொழியில் எழுதுவர். பெறுபவர் மொழிபெயர்த்து, வாசித்து, ஆலோசித்துப் பதிலெழுதுவர். குரலில் உடனுக்குடன் பேசினாற் சொல் தடுமாறும், பொருள் திரியும் என்றஞ்சியே எழுத்தைத் தெரிந்தெடுத்தனர். செய்தி விரைந்து செல்லவேண்டும். பதில் விரைந்து பிறக்கவேண்டியதில்லை. இவ்விரண்டையும் அவர்கள் பிரித்தறிந்தனர், நாம் அறியவில்லை. செய்தி விரைவாக வருவதனாற் பதிலும் விரைவாகப் போகவேண்டுமென்ற மயக்கத்திலேயே நமது வாதங்கள் நடைபெறுகின்றன. இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. அந்நெருக்கடியிற் சிந்திக்க நேரம் பெற்றவர்கள் இரு வல்லரசினர். தங்கள் மண்ணைப் பற்றிய அந்தப் பேரத்திற் கியூபா மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. சிந்திக்கும் நேரமும் உலகிற் சமமாகப் பங்கிடப்படவில்லை.

நேரம் மறுக்கப்பட்டவனுக்கு என்ன நேரும் என்பதற்கு நமது நாட்டிலேயே சான்றுண்டு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரது உணவகத்தில், உணவிற் கிடந்த கட்டியொன்றைக் கண்ட வாடிக்கையாளர், மலடாக்கும் மருந்து கலக்கப்பட்டதென்று கூச்சலிட்டார். கூட்டம் திரண்டது. காசாளராக இருந்தவர் தமிழ் பேசுபவர். கேள்வியோ சிங்களத்திற் கேட்கப்பட்டது. அதைச் சரிவர விளங்கிக்கொள்ளாமல், சினந்து நின்ற கூட்டத்தின் நடுவே, ஆம் என்ற பொருள்படத் தடுமாறிய சொல் ஒன்றை அவர் சொன்னார். அது படம்பிடிக்கப்பட்டு, ஒப்புதல் வாக்குமூலமென நாடெங்கும் கைத்தொலைபேசிகளிற் பரவியது. அவர் தாக்கப்பட்டார், கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசலும் தப்பவில்லை. பின்னர் அரச பகுப்பாய்வாளர் ஆராய்ந்து, மருந்து எதுவும் இல்லை, அது மாக்கட்டியே என்று அறிவித்தார். ஆராய்ச்சி முடிவு வருமுன்னரே அது காக்கவேண்டியிருந்தவை யாவும் அழிந்திருந்தன. சில நாட்களில் திகனையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வன்செயல் மூண்டது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டு, மறுநாள் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன.

"இதன் பொருள் என்ன?" என்று அந்தக் காசாளர் தம் மொழியில் ஒருமுறை திருப்பிக் கேட்பதற்கு அரை நிமிடம் போதியிருக்கும். அந்த அரை நிமிடத்தை அவருக்குக் கொடுக்க எவரும் அங்கே இருக்கவில்லை. பல ஆண்டுகளாக வளர்க்கப்பட்ட இனப்பகை அந்த இரவுக்கு முன்னரே ஆயத்தமாக இருந்தது என்பது மெய். அவசரம் பகையைப் படைப்பதில்லை. ஆயின் பகைக்கு மிக வேண்டாத பொருள் விசாரணை. அவசரம் விசாரணையை அகற்றிப் பகைக்கு வழிவிடுகிறது.

தாமதமே அறம் என்று நான் சொல்லவரவில்லை. இராமலிங்க அடிகளின் பாடல்களைக் குறித்து ஆறுமுக நாவலர் 1869இல் வெளியிட்ட மறுப்போடு மூண்ட அருட்பா–மருட்பாச் சர்ச்சை, கண்டனமும் கண்டனத்துக்குக் கண்டனமுமாக அடுத்த நூற்றாண்டின் தொடக்கம்வரை நீண்டது, நீதிமன்றம்வரை சென்றது. அச்சுக்கூடத்தின் மெதுவான வேகம் அவ்வறிஞர்களின் வசைமொழியைத் தணித்துவிடவில்லை. ஆனால் தமிழ் வாதமரபில் வேறொரு வழக்கமும் உண்டு. சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாக அமைந்தது. மாற்றாரின் கொள்கையை முதலில் எடுத்துரைத்து மறுத்த பின்னரே தன் கொள்கையை நிறுவுகிறது. மணிமேகலை வஞ்சி நகரிற் பல சமயவாதிகளிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். சமயத்தை ஏற்காதவர்களும் இம்முறையை ஏற்கலாம். எதிராளி தன் கருத்தென்று ஒப்புக்கொள்ளும்படி அக்கருத்தை நாம் எடுத்துரைப்பதற்குச் சிறிது நேரமேனும் வேண்டும். நேரம் இருந்தால் இது நடந்தே தீரும் என்பதில்லை. நேரம் இல்லையெனில் இது நடக்க வழியே இல்லை.

இந்த நேரத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்பவர் யார்? இவ்வூடகங்களை நடத்துவோரிற் பெரும்பாலோர் நமது கவனத்தைத் திரட்டி விளம்பரக்காரருக்கு விற்றுப் பொருளீட்டுகின்றனர். ஆறுதலாகச் சிந்தித்து நாளை எழுதப்படும் ஒரு பதிலைவிட, இன்றிரவு சினந்து எழுதப்படும் இருபது பதில்கள் அவர்களுக்கு இலாபம். வேகம் இயற்கையின் விதியன்று. கூட்டவும் குறைக்கவும் கூடியதே. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பமுடியாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் இந்தியாவிலும் 2019இல் உலகெங்கும் வரம்பிட்டது. 2020இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஓரிடத்துக்கே அனுப்பலாமென்றது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 வீதம் குறைந்ததென்று அந்நிறுவனமே அறிவித்தது. மனிதர் திருந்தவில்லை, வாய்க்காலிற் சிறு அணை போடப்பட்டது, அவ்வளவே. அணை போடமுடியுமென்றால், அது இல்லாதிருந்த காலத்து அழிவுகளுக்கும் பொறுப்பாளர் உண்டு.

நேரத்துக்கு வர்க்கமும் உண்டு. விடியலிற் பெரட்டுக்குச் சென்று நாள் முழுதும் கொழுந்து பறிக்கும் பெண், கைத்தொலைபேசியை எடுப்பது அடுப்படி வேலை ஓய்ந்த பின்னரே. அதற்குள் அவளைப் பற்றிய வாதமே முடிந்திருக்கும். பகலெல்லாம் திரையின் முன்னிருக்க வசதியுள்ளவர் முதலிற் பேசுகிறார். முதலிற் பேசியவர் வாதத்தின் திசையை நிறுவுகிறார். பின்னர் வருபவருக்கு எஞ்சுவது ஏதேனும் ஒரு பக்கத்திற் சேர்தல் மட்டுமே. எட்டு மணிநேர வேலைநாளுக்காக 1886இற் சிக்காகோத் தொழிலாளர் போராடியபோது, அவர்கள் கேட்டது உடலுக்கு ஓய்வு மட்டுமன்று. மனிதராக வாழவும் படிக்கவும் சிந்திக்கவும் தமக்கென்று நேரம் கேட்டார்கள். உழைப்பு நேரத்தைக் குறைத்துப் பெற்ற அந்த நேரம், இன்று வேறொரு வாயிலால் நம்மிடமிருந்து பறிபோகிறது.

முற்போக்குச் சிந்தனையுள்ள வாசகர் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்புவர், எழுப்பவும் வேண்டும். "பொறுங்கள், ஆற அமரப் பேசுவோம்" என்பது ஆளுவோரின் பழைய உபதேசம் அல்லவா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தொழிலாளர் நாடற்றவராக்கப்பட்டனர். 1964இல் இரு அரசுகள் அவர்களைக் கேளாமலே அவர்களைத் தலைக்கணக்கிற் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் பொறுத்தவர்களிடம் பொறுமையை உபதேசிக்க எவருக்கும் அருகதையில்லை. அன்றியும், 2022இல் மக்கள் வீதியிலிறங்கியபோது, செய்தி விரைந்து பரவியதே அவர்களின் வலிமையாக இருந்தது. ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தடைசெய்தது அந்த வலிமையை அஞ்சியே.

இத்தடை நியாயமானது. ஆயின் அது இரு வேறு அவசரங்களை ஒன்றாகக் கொள்கிறது. பசித்தவனுக்குச் சோறும், கைதானவனுக்குச் சட்டத்தரணியும், தீப்பற்றிய வீட்டுக்குத் தண்ணீரும் உடனே வேண்டும். அங்கே தாமதிப்பவன் குற்றவாளி. தோழன் ஒருவனின் உள்நோக்கத்தைப் பற்றிய தீர்ப்போ ஓரிரவு பிந்தினாற் கெட்டுப்போவதில்லை. செயலின் அவசரம் வேறு. தீர்ப்பின் அவசரம் வேறு. எழுதுமுன் நம்மை நாமே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதனை நாளை சொன்னால் யாருக்கு என்ன கெடும்? பிறர் ஒருவருக்குத் தீங்கு நேருமாயின் இப்போதே சொல்லவேண்டும். குழுவிலே என் மதிப்புத்தான் சற்றுக் குறையுமென்றால் நாளை சொல்லலாம். அன்றிரவு நான் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் விடை தெளிவாக இருந்திருக்கும். என் வாக்கியம் பிந்தியிருந்தால் எவருக்கும் எதுவும் கெட்டிராது. அது முந்தியதனாற் கெட்டது என்னவென்று இன்று அறிவேன். நோயும் ஊரடங்கும் இடையிட்டிருக்கும் என்றாலும், சில வாரங்களாவது சில முற்றங்களிற் பிள்ளைகள் கூடியிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த அந்தப் போராட்டக் காலத்தில் எங்கள் பகுதியின் ஒரு முற்றத்திலும் ஒரு பிள்ளையும் கூடவில்லை. எங்கள் கோரிக்கை நியாயமானது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்த நியாயத்தைக் காக்கப் போவதாக எண்ணி, அதனைப் பலப்படுத்தியிருக்கக்கூடிய ஒரு யோசனையை அடித்து விரட்டினோம்.

அதன்பின் எங்கள் குழுவிற் சில ஒழுங்குகளைச் செய்துகொண்டோம். முடிவெடுக்கவேண்டிய விடயம் எதுவும் தொடங்கிய இரவிலேயே முடிக்கப்படுவதில்லை. ஒருவரை மறுப்பவர், அவர் சொன்னதைத் தம் வார்த்தையில் ஒருமுறை எழுதி, "இதுதானே நீங்கள் சொன்னது?" என்று கேட்டபின்பே மறுக்கவேண்டும். வேலையிலிருந்து பிந்தி வருவோருக்காகக் காத்திருக்கவேண்டும். இவை எப்போதும் கைக்கொள்ளப்படுகின்றன என்று சொல்லமாட்டேன். சம்பளப் பேச்சு வந்தாற் பழைய வேகமும் வந்துவிடுகிறது. எனினும் தனிமனிதரின் பொறுமையை நம்பியிருப்பதிலும் பலர் கூடி ஒரு விதியை அமைத்துக்கொள்ளுதல் மேலானது. மாணவர்க்கு வாதிடக் கற்பிக்கும் ஆசிரியர்கள், மறுக்குமுன் கேட்டறியும் இந்தப் பயிற்சியையும் வகுப்பறையிலேயே தொடங்கலாம்.

ஈழத்துப் பேச்சுவழக்கில் 'ஆறுதலாக' என்ற சொல்லுக்கு அவசரமின்றி என்று பொருள். துன்பத்திலிருப்பவனைத் தேற்றுவதும் ஆறுதலே. சூடு தணிதலென்ற ஒரே கருத்திலிருந்து இரண்டும் பிறந்தன. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் மக்கள் ஏதோ ஒன்றை அறிந்தே வழங்கியிருக்கவேண்டும்.

மூத்த ஆசிரியர் இன்னும் குழுவிற் சேரவில்லை. பலமுறை அழைத்தும் மறுத்துவிட்டார். வீட்டுக்குப் போனால் தேநீர் தந்து இருத்திப் பேசுகிறார். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், அது முடியும்வரை நான் வாய் திறப்பதில்லை.